பவர் அழிக்க மறந்த வரி

எங்கள் கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பெயர் பவர். பின்னறையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவனுக்கு முதலாளி விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்தால் பெயர் வைத்தவர் மேல் வழக்கே போடலாம். அவ்வளவு பயந்தாங்கொள்ளி. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். லிஃப்டில் ஏற மாட்டான். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்கிற முகத்தோடுதான் எடுப்பான். எதிர்முனையில் ஏதாவது திட்டத்தில் சேரச் சொல்லி நச்சரிக்கிற ஆளாக இருந்துவிட்டால் அவனுக்கு எவ்வளவு நிம்மதி! "வேண்டாங்க, ரொம்ப நன்றிங்க" என்று உருகிப்போவான்.

நான் முன்பக்கம் கவுன்டரில் நிற்கிறவன். வாயை வைத்துப் பிழைப்பவன். "இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று தினமும் எத்தனை மூஞ்சிகளிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. பவரைச் சீண்டாவிட்டால் எனக்குப் பொழுது நகராது. ஆனால் அவன் வேலையில் மட்டும் யாரும் வாயைத் திறக்க முடியாது. லென்ஸின் நடுவே புள்ளி வைத்து, எந்தச் சாய்வில் உட்கார வேண்டுமோ அந்தச் சாய்வில் கோடு போட்டு, மெஷினில் கொடுத்து அறுத்து, ஃபிரேமைச் சூடு காட்டி அழுத்துவான். சாய்வு ஒரு இம்மி தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தரை மேடாகத் தெரியும், படியிறங்கும்போது கால் தடுமாறும். எவனோ ஒருவன் எங்கோ ஒரு படியில் உருண்டுவிடப் போகிறான் என்கிற பயம்தான் அவனை நல்ல வேலைக்காரனாக வைத்திருந்தது என்பது என் கணிப்பு.

வீட்டில் அவனும் அவனுடைய அக்காவும் மட்டும். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். வாட்டசாட்டமான பெண். ஜன்னலிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் முன்னால் போகிற லாரி ஒதுங்கும். கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷனுக்கு வேலை போயிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவன் தினமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போய், ஏதோ ஒரு பார்க்கில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பி வந்திருக்கிறான். விஷயம் தெரிந்த அன்றைக்கே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

அவர்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டுவிட்டேன். "வேலை போனதுக்காகவா அந்த மனுஷன விட்டுட்டு வந்தீங்க?"

"வேலை போனா என்ன? நான் வண்டி ஓட்டிச் சோறு போட மாட்டேனா? தினமும் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னான் பாருங்க, அதுக்காக. என்கிட்ட பொய் சொல்றவங்களோட ஒரே கூரைக்குக் கீழ என்னால இருக்க முடியாது. அது யாரா இருந்தாலும் சரி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவருக்குப் புரையேறியது. தலையைத் தட்டி, தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு ருசியில் உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அக்கா வேன் ஓட்டுவதை நிறுத்தியிருந்தாள். கண்ணில் ஏதோ நரம்புக்குப் பலவீனம், மாத்திரை சாப்பிட்டால் மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்று பவர் அவளிடம் சொல்லியிருந்தான். என்னிடமும் அதையேதான் சொன்னான். கண்ணாடிக் கடைக்காரன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டிலேயே அடைந்து கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று தன்னுடைய கம்ப்யூட்டர் கேமை அவளுக்குப் பழக்கிவிட்டான்.

அது வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள பழைய கேம். செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள், விளையாடுகிறவர்கள் விடுவதாக இல்லை. தாங்களாகவே அதற்குப் புது ஊர், புது ஆட்கள், புதுக் கதை என்று செய்து ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுவேலைக்கு மோட் என்று பெயர். பவர் செய்த மோட்களை முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் இறக்கிக்கொண்டு பாராட்டி எழுதுகிறார்களாம். அவன் செய்த ஊரில் ஒரு விசேஷம், அங்கே யாரையும் கொல்ல முடியாது. படகோட்டி முதல் பிச்சைக்காரன் வரை ஒவ்வொருவருக்கும் சாகாத ஆள் என்று ஒரு குறி போட்டுவிடுவான். "செத்துட்டா குவெஸ்ட் பாதியில நின்னுடும்ணே" என்று காரணம் சொன்னான். சாவு என்றால் அவனுக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயும் பயம் என்றுதான் எனக்குப் பட்டது. ஊரில் எல்லாருக்கும் அவனே குரல் கொடுத்திருந்தான். கிழவிக்கும் அவன் குரல், ஊர்த்தலைவருக்கும் அவன் குரல். ஒரு பூதத்துக்கு மட்டும் தொண்டை போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கத்தவைத்தான்.

குவெஸ்ட் என்றால் கேமுக்குள் நமக்குத் தரப்படும் வேலை. தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடு, கோட்டைக்குச் சேதி கொண்டுபோ, இந்த மாதிரி. அதில் நாம் எதுவரை வந்திருக்கிறோம் என்று கேமுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். பவர் எங்கள் கடை அலமாரியைக் காட்டினான். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பிளாஸ்டிக் டிரே உண்டு. லென்ஸ் வந்தால் ஒரு தட்டு, அறுத்தால் அடுத்த தட்டு, பொருத்திச் சோதித்தால் அதற்கடுத்த தட்டு என்று டிரே நகர்ந்துகொண்டே போகும். அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் வாடிக்கையாளரிடம் "ஆயிடுச்சுங்க" என்றோ "இன்னும் ஆகலீங்க" என்றோ சொல்வேன். உள்ளே இருக்கிற லென்ஸ் சரியா தப்பா என்பது தட்டுக்குத் தெரியாது.

"அதேதாண்ணே. கேமுக்குக் கதையெல்லாம் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். பத்து, இருபது, முப்பதுன்னு ஸ்டேஜ் வெச்சிருப்போம். கிழவிகிட்ட பேசினா பத்து, கயிறு எடுத்தா இருபது. நம்பர் ஏறின உடனே அதுக்குன்னு எழுதிவெச்ச வரி திரையில வரும். போக வேண்டிய இடத்து மேல ஒரு மார்க்கர் நிக்கும். ஆள் அதப் பாத்துக்கிட்டே போகலாம்."

"ஏன் பத்துப் பத்தாப் போற? ஒண்ணு, ரெண்டுன்னா ஆகாதா?"

"பின்னால நடுவுல எதையாவது நுழைக்கணும்னு தோணினா எடம் வேணுமில்ல?"

"என் கல்யாணத்தப் பேசி முடிச்சவங்க இந்த மாதிரி எடம் விட்டிருக்கலாம்" என்றேன். சிரித்தான். "ஆனா ஒண்ணுண்ணே, ஏறின நம்பர் இறங்காது" என்று சேர்த்துக்கொண்டான்.

அக்கா விளையாட ஆரம்பித்த பிறகு அவளுக்காகத் திரையில் வரும் எழுத்தைப் பெரிதாக்கினான். பிறகு மார்க்கரைப் பெரிதாக்கினான். பிறகு மார்க்கர் இருக்கிற திசையிலிருந்து டிங் டிங் என்று சத்தம் வரும்படி செய்தான். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது காதில் கேட்கும், கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். இதெல்லாம் எதற்கு என்று அக்கா கேட்டாளாம். இப்போது எல்லா கேமிலும் இப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிட்டானாம்.

சம்பவம் நடந்த அன்று காலை, கடை திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒரு பஸ் டிரைவர் உடைந்த கண்ணாடியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியம் அவருக்கு டியூட்டி, கண்ணாடி இல்லாமல் வண்டியைத் தொட முடியாது. பவர் அவருடைய லென்ஸை மெஷினில் கொடுத்துவிட்டு டீயைக் குடித்துக்கொண்டே என்னிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். அபூர்வமாகத்தான் அவன் பெருமையடிப்பான், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

"புதுசா ஒரு குவெஸ்ட் செஞ்சிருக்கேண்ணே. ஊர் மணி கிணத்துக்குள்ள விழுந்துடுச்சு. உங்க பூதம் காவல் காக்குது. மணிய எடுத்துக்கிட்டு வந்து கோபுரத்துல மாட்டணும். காலையில நான் கிளம்பும்போதுதான் அக்கா ஆரம்பிச்சா."

"இதையெல்லாம் எப்படிடா உக்காந்து செய்யற?"

"பூஜ்யத்துலேருந்து யாரும் செய்ய மாட்டாங்கண்ணே. பழைய குவெஸ்ட் ஒண்ணக் காப்பி எடுத்து, எழுத்த மட்டும் மாத்திக்குவோம்."

"எதக் காப்பி எடுத்த?"

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் டீ டம்ளரை உதட்டருகே வைத்தபடியே நின்றுவிட்டான். முகம் வெளுத்தது. மெஷின் சத்தம் மாறியது அவன் காதில் விழவே இல்லை. நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். டிரைவரின் லென்ஸ் ஓரம் பிளந்து கிடந்தது. அத்தனை வருஷத்தில் அவன் லென்ஸ் உடைத்து நான் பார்த்ததே இல்லை.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"அண்ணே, நான் செத்தேன்" என்றான்.

பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தை வாங்கினேன். மனதை எது அரித்தாலும் அதை ஒரு குவெஸ்டாக எழுதிப் பார்ப்பது அவன் வழக்கமாம். நடந்தது என்ன, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போட்டுவிட்டால் மூச்சு கொஞ்சம் சீராகுமாம். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. அப்படி எழுதிவைத்த ஒன்றைத்தான் இந்தக் கிணற்று வேலைக்குக் காப்பி எடுத்திருக்கிறான். பத்திலிருந்து ஐம்பது வரைக்கும் எழுத்தை மாற்றியாகிவிட்டது. கிணற்றுக் கதை ஐம்பதில் முடிகிறது. ஆனால் பழைய குவெஸ்டில் அறுபது என்று ஒன்று இருந்தது. அதை அழிக்க மறந்துவிட்டான். ஐம்பது முடிந்ததும் தானாக அறுபதுக்குப் போ என்று பழையதில் எழுதியிருந்த கட்டளையும் கூடவே வந்துவிட்டது. அக்கா மணியை மாட்டிய மறு நொடி அந்த வரி திரையில் வரும். அதுவும் அவளுக்கென்றே பெரிதாக்கிய எழுத்தில்.

"அப்படி என்னத்தடா எழுதித் தொலைச்ச?"

சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, உடைந்த லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் டாக்டரிடம் அக்காவை அழைத்துப் போனபோது, அவளுக்குச் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரவைத்துவிட்டு, எங்கள் கடையைத் தெரிந்த பழக்கத்தில் டாக்டர் இவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டிருக்கிறார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, மருந்து கிடையாது, போனது போனதுதான், மிச்சமும் போய்விடும், நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். இவன் வெளியே வந்து நரம்புப் பலவீனம் என்று சொல்லிவிட்டான்.

"அதுக்கப்புறம் சொல்லவே இல்லையா?"

"எப்படிண்ணே சொல்றது? தினமும் காலையில இன்னிக்கு கொஞ்சம் பரவாயில்லடான்னு சொல்றா. இப்ப அந்த வரியப் படிச்சான்னா கண்ணு போகுதுங்கறதும் தெரிஞ்சிடும், இத்தன நாள் நான் பொய் சொன்னதும் தெரிஞ்சிடும். ரெண்டும் ஒரே நேரத்துல. பெட்டியத் தூக்கிக்கிட்டு கிளம்பிடுவாண்ணே. பார்வை போற பொம்பள, தனியா எங்க போவா?"

கிண்டல் செய்ய வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னதைச் செய்கிறவள் என்று எனக்கும் தெரியும்.

"போன் பண்ணி கேம நிறுத்தச் சொல்லேன்."

"ஏன்னு கேப்பா. அதுக்கு இன்னொரு பொய் சொல்லணும். சொன்னா என் குரலே காட்டிக்கொடுத்துடும். நான் நேர்ல போயிட்டா பக்கத்துல உக்காந்து எப்படியாவது அந்த வரிய எடுத்துடுவேன். அப்புறமா பக்குவமா நானே சொல்லிடறேன்."

"இத்தன நாளா வராத பக்குவம் இனிமேதான் வரப்போகுதா?" என்றேன். அவன் முதலாளியிடம் ஓடினான்.

முதலாளி உடைந்த லென்ஸைப் பார்த்தார், பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்தார். "அவர் கண்ணாடி கைக்குப் போகாம இந்தக் கடையிலேருந்து ஒரு ஈ எறும்பு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். டிரைவரின் கண்ணுக்கேற்ற பவரில் கடையில் இன்னும் ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. அதுவும் உடைந்தால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், பிறகு சாயங்காலம்தான்.

பவர் அதை எடுத்துப் புள்ளி வைக்கப் போனான். புள்ளி விலகியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான், மறுபடியும் விலகியது. அவன் முழங்கையை நான் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "மூச்ச விடுடா முதல்ல" என்றேன். இன்னொரு கையால் என் போனை எடுத்து அவனுடைய அக்காவைக் கூப்பிட்டேன். எதுவரை வந்திருக்கிறாள் என்றாவது தெரிய வேண்டுமே.

"யாரு?"

"நான்தாங்க, கடை கவுன்டர்."

"அட, பூதமா! இப்பத்தான் உங்களோட சண்ட போட்டு முடிச்சேன். கத்தல் மட்டும்தான் பெருசு, ரெண்டு அடி வெச்சதும் கால்ல விழுந்துட்டீங்களே."

"மணி கிடைச்சுதா?"

"கையில இருக்கு. கிணத்த விட்டு மேல வந்துட்டேன். ஊருக்குள்ள கொண்டுபோய் மாட்ட வேண்டியதுதான் பாக்கி."

பவரைப் பார்த்தேன். "நாப்பது" என்று உதட்டை மட்டும் அசைத்தான். பிறகு கிசுகிசுத்தான். "மலப்பக்கம் போகச் சொல்லுங்கண்ணே. சுத்திட்டு வரட்டும்."

"அதுக்கு முன்னாடி மலைமேல போய்ப் பாருங்க. அங்க ஒரு புதையல் இருக்காம். தம்பி சொல்லச் சொன்னான்."

"மார்க்கர் ஊர்ப்பக்கம் அடிக்குது, நீங்க மலைங்கறீங்க. நான் என் காத நம்பறதா, உங்க வாய நம்பறதா?" என்று சிரித்தாள். "அவன் பக்கத்துல இருக்கானா? குடுங்க."

நான் போனை நீட்டியதும் பவர் பாம்பைப் பார்த்தது போலப் பின்வாங்கினான். "மெஷின்ல இருக்கான்" என்று சமாளித்தேன்.

"ஏன் உங்க குரல் ஒரு மாதிரியா இருக்கு? எதையாவது உடைச்சுட்டானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க முதல்ல சாப்பிடுங்களேன். அப்புறமா விளையாடலாம்."

"மணிய மாட்டிட்டுச் சாப்பிடறேன். வைக்கறேன், ஓநாய் வருது."

ஒருவழியாக லென்ஸ் அறுபட்டது. ஃபிரேமில் உட்கார்ந்தது. பவர் அதைச் சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அவ்வளவு அவசரத்திலும் டிரைவரை வாசல் படியில் ஏறி இறங்கி நடக்கச் சொன்னான். "தரை சரியாத் தெரியுதாங்க? மேடு பள்ளம் எதுவும் இல்லையே?" டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனதும் அவன் வெளியே பாய்ந்தான். ஸ்கூட்டர் சாவி துளைக்குள் போக மறுத்தது. இவனை ஓட்டவிட்டால் இரண்டு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று, முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் பின்னால் ஏறி என் தோளைப் பிடித்தான்.

அவர்கள் வீடு பெரிய தூரம் இல்லை. ஆனால் அன்றைக்கென்று ஒரு சிலிண்டர் லாரி தெருமுனையில் குறுக்கே நின்றுகொண்டு பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் மூச்சிரைத்தது. என் ஹாரனுக்கு யாரும் அசையவில்லை. பவர் முதுகுக்குப் பின்னால் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். "பாலத்தத் தாண்டியிருப்பா. சத்திரத்துக்குள்ள நுழைஞ்சு கதை கேட்டான்னா கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனா அவ நுழைய மாட்டா. இந்நேரம் கோபுரத்துப் படி ஏறுவா." எனக்கு அந்தக் கோபுரம் எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் மணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவது எனக்கும் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. ஒரு பொம்மை விளையாட்டு என்று அதுவரை நான் நினைத்திருந்தது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டியை அங்கேயே ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். இந்த வயதில் நான் எதற்கு ஓடுகிறேன் என்று கேட்க எனக்கு நேரம் இல்லை.

இரண்டாவது மாடி. படியேறும்போது உள்ளே டிங் டிங் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பவரும் அதைத்தான் கவனித்திருக்க வேண்டும், கடைசிப் படியில் அவன் நின்றுவிட்டான். அவன் பையிலிருந்து சாவியை எடுத்து நான்தான் திறந்தேன்.

அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கேம் கன்ட்ரோலர். எதிரே திரை முழுவதும் கேமின் குறிப்புப் பக்கம் திறந்திருந்தது. வாசலிலிருந்தே என்னால் படிக்க முடிந்தது.

அக்காவிடம் சொல். பார்வை திரும்பி வராது.

பவர் சுவரைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது கதை, படித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். இனி அந்தக் குரல் எழும்பப் போகிறது, பெட்டி வெளியே வரப் போகிறது.

"வந்துட்டியா? என்னடா இவ்வளவு சீக்கிரம்? கூட யாரு?" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை.

"நான்தாங்க."

"பூதமும் வந்தாச்சா! ரெண்டு பேரும் ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? உக்காருங்க. டேய், மணிய மாட்டிட்டேன். அப்புறம் புதுசா ஏதோ ஒண்ணு வந்த சத்தம் கேட்டுது. ஆனா மார்க்கர் எந்தப் பக்கமும் அடிக்கல. நாலு பக்கமும் திரும்பிப் பாத்துட்டேன். குறிப்பத் தொறந்து வெச்சிருக்கேன். என்ன போட்டிருக்கு, படி."

அப்போதுதான் கவனித்தேன். அவள் கண்கள் மூடியிருந்தன.

"நீங்க படிக்கலையா?" என்று கேட்டது நான்தான்.

அக்கா கையிலிருந்த கன்ட்ரோலரைத் தடவிக்கொண்டிருந்தாள். "படிக்க முடிஞ்சா ஏங்க இவன்கிட்ட கேக்கறேன்? கொஞ்ச நாளாவே எழுத்தெல்லாம் புகை மாதிரிதான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. கண்ணத் தொறந்து வெச்சா தலவலிதான் மிச்சம், மூடிக்கிட்டா காது நல்லா கேக்குது. இவன்கிட்ட சொன்னா பயந்தே செத்துடுவான். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன், சரியானப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அந்த வரிக்கு மார்க்கர் ஏன் அடிக்கவில்லை என்பது எனக்கே புரிந்தது. அது சுட்டிக்காட்ட வேண்டிய ஆள் கேமுக்குள் இல்லை, இந்த நாற்காலியில் இருந்தாள்.

பவர் நினைத்திருந்தால் எதையாவது படித்திருக்கலாம். மலைக்குப் போ என்று போட்டிருக்கிறது என்றால் அவள் மலைக்குப் போயிருப்பாள். நம்பியிருப்பாள். அவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு மனம் அடித்துக்கொண்டது, சொல்லிவிடுவானோ என்று இன்னொரு மனம் பயந்தது.

"அக்காகிட்ட சொல்லுன்னு போட்டிருக்கு" என்றான்.

"எந்த அக்கா? அந்த ஊர்ல அக்கான்னு யாரும் இல்லையே?"

"நீதான்கா."

அக்காவின் கை நின்றது. "என்ன சொல்லணுமாம்?"

"பார்வை திரும்பி வராதுன்னு."

கீழே தெருவில் அந்த லாரி இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா முகத்தைத் தம்பி நின்ற பக்கம் திருப்பினாள். கண்ணைத் திறந்தாள்.

"யாரு சொன்னது?"

"டாக்டர்."

"எப்ப?"

"கண்ணுல சொட்டு மருந்து போட்டுக்கிட்டு நீ வெளிய உக்காந்திருந்தியே, அன்னிக்கு."

"அப்ப நான் தினமும் முழுங்கற மாத்திரை?"

"அது சத்து மாத்திரைக்கா."

அவள் கன்ட்ரோலரை மேசையில் வைக்கப் போனாள். விளிம்பு தப்பி அது தரையில் விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அக்கா எழுந்து நின்றாள். பெட்டியைத் தேடிப் போகப் போகிறாள் என்று நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

"நீ பண்ணின காரியத்துக்கு நான் இப்பவே இந்த வீட்ட விட்டுக் கிளம்பணும்டா" என்றாள். குரல் உடைந்தது. "ஆனா கிளம்பறதுன்னாகூட, படியிறங்க உன் கையத்தான பிடிக்கணும்."

பவர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உதறுவாள் என்று நினைத்தேன், உதறவில்லை. வழி நெடுக என் தோளில் இருந்த அவன் கை எப்படி நடுங்கியது என்று எனக்குத் தெரியும். அக்காவின் கை அதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.